இருபத்திரண்டு அடி உயரத்தில் ஒரு நெருப்பு

கோட்டுச்சேரியில் பந்தல் என்றால் வைத்திலிங்கம்தான். இதை ஊரார் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். போலகத்தில் ஒரு கூலிக்காரர் வீட்டில் ஆறாவது பிள்ளையாகப் பிறந்தவர். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, பன்னிரண்டு வயதில் அடுத்தவன் பந்தலுக்குச் சவுக்குக் கழி சுமந்தவர். இன்றைக்கு மெயின் ரோட்டை ஒட்டி அவருக்கே அவருக்கென்று ஒரு கிடங்கு, மூன்று குட்டி லாரி, எண்ணூறு நாற்காலி. திருவேட்டக்குடியில் காதுகுத்து என்றாலும் அவர் துணிதான். காரைக்காலில் மாங்கனித் திருவிழாவுக்கு வீதியடைத்துக் கொட்டகை என்றாலும் அவர் தகரம்தான்.

அவர் டேப் வைத்து அளந்து யாரும் பார்த்ததில்லை. தெருவில் நின்று ஒரு பார்வை பார்ப்பார். "இருவத்தெட்டுக்குப் பதினாறு, நாலு பந்தி உக்காரலாம்" என்பார். பிறகு யாராவது அளந்து பார்த்தால் இருபத்தெட்டுக்குப் பதினாறுதான் இருக்கும். "டேப்பு எடுக்குறவன் கணக்குப்புள்ளை. கண்ணால அளக்குறவன்தான் பந்தல்காரன்" என்பது அவர் வாக்கு.

இப்படிப்பட்ட மனுஷர் அறுபத்திரண்டாவது வயதில் மந்திரவாதி ஆனது ஒரு மேசையால்.

காரைக்காலில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் சஃப்வான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மேசை ஒன்றும் நாற்காலி நாலும் வாடகைக்கு எடுத்துப்போனான். சாயங்காலம் ஆள் வராததால் வைத்திலிங்கமே வண்டி எடுத்துக்கொண்டு போனார். கடை மாடியில் மேசையைச் சுற்றி மூன்று பேர். மேசையின் மேல் கட்டம் போட்ட பெரிய தாள், அதில் சட்டைப் பொத்தான்கள், குந்துமணிகள், எட்டு முகமும் இருபது முகமுமாகப் பகடைகள்.

"மேசைய எடுத்துக்கவா தம்பி?"

"ஒரு பத்து நிமிஷம் மாமா. பாலத்துல மாட்டிக்கிட்டு நிக்கிறோம்."

வைத்திலிங்கம் எட்டிப் பார்த்தார். பாலம் எதுவும் தெரியவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் இரண்டு மணி நேரம் ஆனது. எழுந்து போகும்போது மேசையை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து ஆட்டமே அவர் கிடங்குக்கு மாறிவிட்டது. மேசைக்கு வாடகை கிடையாது, டீயும் உண்டு. பதிலுக்கு அவருக்கும் ஒரு பொத்தான் கொடுத்தார்கள்.

ஆட்டம் இதுதான். சஃப்வான் கதை சொல்வான். கதைக்குள்ளே மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக நடமாடுவார்கள். சண்டை வந்தால் கட்டத் தாளில் பொத்தான் நகரும், பகடை தீர்ப்புச் சொல்லும். ஒரு கட்டம் ஐந்து அடி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாள். அதில் அதன் பலம், உயிர்ப்புள்ளி, கைவசம் உள்ள வித்தை எல்லாம் எழுதியிருக்கும். உயிர்ப்புள்ளி தீர்ந்து பாத்திரம் செத்தால் அந்தத் தாளை எல்லார் முன்னாலும் கிழித்துவிடுவார்கள். அது அவர்கள் மேசை வழக்கம்.

சஃப்வானின் தங்கை சித்திக்கா பள்ளியில் கணக்கு டீச்சர். அவள் பாத்திரம் ஆழி என்கிற கேடயக்காரி. வயல் பார்த்துக்கொண்டே தபால் கல்வியில் படிக்கும் மணிபாரதிக்கு ஒரு வில்லாளி. வைத்திலிங்கத்தை மந்திரவாதி ஆக்கி, என்ன பேர் வைக்கலாம் என்று கேட்டார்கள்.

"வைத்திலிங்கம்."

"அது உங்க பேரு மாமா. கதைக்கு ஒரு பேரு சொல்லுங்க."

"நாப்பது வருஷமா சம்பாதிச்ச பேருப்பா. கதைக்குன்னு எதுக்கு மாத்தணும்?"

அவருக்கான தாளை எழுதித் தந்தது சித்திக்கா. கொட்டை கொட்டையான தமிழ் எழுத்து, ஒவ்வொரு மந்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு படம். விசிறி மாதிரி விரியும் குளிர்க்காற்றுக்கு விசிறி. நேர்கோட்டில் பாயும் மின்னலுக்குக் கம்பி. தீயுருண்டைக்கு வட்டம். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தடுமாறுவார் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் யாரிடமும் சொல்லவில்லை. வைத்திலிங்கம் நன்றி சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதல் அவள் நாற்காலிக்கு மட்டும் மெத்தை வந்தது.

தீயுருண்டையின் சட்டத்தை சஃப்வான் விளக்கியபோது அவர் பாதியிலேயே கையமர்த்தினார். வாள் என்றால் எதிரே நிற்பவனைத்தான் வெட்டும். இந்த மாதிரி மந்திரம் ஆளைக் குறிவைப்பதில்லை, இடத்தைக் குறிவைக்கிறது. போடுகிறவர் ஒரு புள்ளியைச் சொல்ல வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் இருபது அடிக்குத் தீ. உள்ளே இருக்கிற ஒவ்வொருவரும் பகடை உருட்டிப் பார்க்கலாம். விலகிக்கொண்டால் பாதி அடி, விலகாவிட்டால் முழு அடி. நண்பன், பகைவன் என்ற பேச்சே இல்லை.

"புரிஞ்சுபோச்சு. பந்தலுக்குள்ள வந்தவன் சொந்தக்காரனா வேத்தாளான்னு பந்தல் பாக்காது. நெழலு எல்லாருக்கும்தான் விழும். அதானே?"

"அதேதான் மாமா!"

டீ கொண்டுவந்த அவர் மனைவி திரிபுரசுந்தரி டம்ளரை நங்கென்று வைத்தாள். "ஊருக்கெல்லாம் நெழலு போடுற மனுஷன், ஞாயித்துக்கெழம ஆனா நெருப்பு வைக்கக் கெளம்பிடுறாரு."

அவர் கண்ணுக்கு அந்த ஆட்டம் அல்வா. மற்றவர்கள் கட்டம் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, இந்த மூலையில் புள்ளி வைத்தால் ஏழு பேர், ஒரு கட்டம் தள்ளினால் ஒன்பது பேர் என்று சொல்லிவிடுவார். எண்ணிப் பார்த்தால் ஒன்பதுதான் இருக்கும். அதனாலேயே மேசையில் ஒரு சட்டம் கறாராயிற்று. முறை வந்தவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் யோசனை சொல்லக்கூடாது. புள்ளியைச் சொன்ன பிறகுதான் அளக்கலாம். சொன்ன புள்ளி சொன்னதுதான்.

இரண்டு வருஷத்தில் அவர் கண் ஒரே ஒரு முறைதான் தவறியது. அதை அவர் தவறு என்று ஒப்புக்கொண்டதில்லை.

மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்தது அது. நடைபாதை ஒன்று, அது திரும்பும் இடத்தில் ஒரு முடுக்கு. முடுக்குக்கு இந்தப் பக்கம் ஓநாய்க் கூட்டம், சுவருக்கு அந்தப் பக்கம் ஆழி. வைத்திலிங்கம் யோசிக்கவே இல்லை. பந்தல்காரனுக்குச் சுவர் என்றால் சுவர்தான், துணி அங்கே முடிந்துவிடும், அதற்கு அப்பால் நிழல் கிடையாது. இந்தப் பக்கம் புள்ளி வைத்தார். ஆனால் இந்த ஆட்டத்தின் தீயுருண்டை முடுக்கில் திரும்பும். தண்ணீர் போல வளைந்து அந்தப் பக்கமும் நிறையும். சட்டத்தில் தெளிவாக இருந்தது. அவர் பாதியில் கையமர்த்தியபோது சஃப்வான் சொல்லாமல் விட்ட மறுபாதி அதுதான். ஆழி இரண்டே புள்ளி உயிரோடு கிடந்தாள்.

"சுவரு இருக்குல்ல! செங்கல் சுவரு! நெருப்பு எப்புடிப்பா திரும்பும், அதுக்கென்ன ஸ்டேரிங்கா இருக்கு?"

"சட்டம் அப்புடி மாமா."

"அப்ப சட்டம் தப்பு."

அன்றைக்கு இரண்டாவது டீ வரவில்லை. அடுத்த ஞாயிறு அவரே மேசையைத் துடைத்துப் போட்டு, ஒன்றும் நடக்காதது போல உட்கார்ந்திருந்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் தீயுருண்டை என்று வாயெடுக்கும்போதெல்லாம் அவள் கை தானாகத் தன் பொத்தானுக்குப் போகும். அதை அவர் பார்க்காமல் இல்லை.

போன மாதம் சித்திக்காவுக்கு விசா வந்தது. மாப்பிள்ளைக்குப் பாரீஸ் பக்கம் வேலை. வியாழக்கிழமை விமானம். அதற்கு முந்தின ஞாயிறு அவளுக்குக் கடைசி ஆட்டம்.

வந்து உட்கார்ந்ததும் அவள் அண்ணனிடம் சொன்னாள்: "நானா, இன்னைக்கு ஆழி செத்தா வழக்கப்படி கிழிங்க. நான் தடுக்கல. ஆனா பொழச்சா அவ தாள நான் எடுத்துட்டுப் போறேன். லீவுல வர்றப்ப அவளையும் கூட்டிட்டு வருவேன்."

"பகடைக்குத் தங்கச்சியெல்லாம் தெரியாதும்மா" என்றான் சஃப்வான்.

"தெரியவும் வேணாம். சும்மா உயிரு குடுத்தா எனக்கு வேணாம்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் தாளைக் கையிலிருந்து கீழே வைக்கவில்லை.

மூன்றரை மணிக்கு நிலைமை இப்படி ஆகிவிட்டது. கூரையில்லாத ஒரு கோட்டை முற்றம், நடுவில் உயரமான கொடிக்கம்பம். கம்பத்தைச் சுற்றிப் பத்தடிக்குள் பதினோரு எலும்பு வீரர்கள், அவர்களோடு பத்தாவது அடியில் மூன்றடி உயரமே உள்ள ஒரு குள்ளத் தலைவன். கம்பத்துக்கு மேற்கே பதினைந்து அடியில் ஆழி, மிச்சம் ஒன்பது புள்ளி உயிர். கிழக்கே பதினைந்து அடியில் மணிபாரதியின் வில்லாளி மூச்சுப் பேச்சில்லாமல் தரையில் கிடந்தான். வடக்கும் தெற்கும் பத்தடியிலேயே சுவர். அடுத்த சுற்றில் எலும்புகள் நகர்ந்தால் ஆழி கதை முடிந்தது. வைத்திலிங்கத்தின் தாளில் மிச்சமிருந்தது ஒரே ஒரு தீயுருண்டை.

"மாமா, உங்க முறை" என்றான் சஃப்வான். போனில் ஒரு நிமிஷத்துக்கு அலாரம் வைத்தான்.

அவர் கட்டத் தாளைப் பார்த்தார். கம்பத்தடியில் வைத்தால் பதினோரு பேரும் காலி. ஆனால் இருபது அடிக்குத் தீ, ஆழி நிற்பதோ பதினைந்தில். எட்டுப் பகடை அடி, அதில் பாதி பட்டாலும் அவள் சாம்பல். மேற்கே நகர்த்தினால் ஆழிக்கு இன்னும் கிட்டே. கிழக்கே நகர்த்தினால் வில்லாளி கருகுவான். சுவர்ப் பக்கம் ஒதுக்க இடமில்லை. எந்தக் கட்டத்தில் புள்ளி வைத்தாலும் ஒரு நண்பன் உள்ளே இருந்தான்.

சித்திக்காவின் கை பொத்தான் மேல் போயிற்று. உடனே பின்னுக்கு இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

முப்பது விநாடி போயிருக்கும். வைத்திலிங்கம் தாளிலிருந்து கண்ணை எடுத்துக் கிடங்கு வாசலைப் பார்த்தார். அங்கே விளக்கு ஏற்றுவதற்கு அவர் நட்டுவைத்த இருபத்தைந்து அடி இரும்புக் கம்பம், அதன் உச்சியில் கப்பி.

தரை. எல்லாரும் தரையையே பார்க்கிறோம். புள்ளி தரையில்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பந்தல் கம்பத்தை இழுத்துக் கட்டும் கயிறு அவருக்கு மனப்பாடம். பதினாறு அடி உயரத்தில் முடிச்சுப் போட்ட இருபது அடிக் கயிறு, கம்பத்தடியிலிருந்து பன்னிரண்டாவது அடியில் தரையைத் தொடும். அங்கேதான் முளை அடிக்க வேண்டும். ஆயிரம் தடவை அடித்திருக்கிறார். நெருப்பை மேலே ஏற்றினால் கீழே வட்டம் சுருங்கும். பதினாறு அடி ஏற்றினால் பன்னிரண்டு அடி வட்டம். எலும்புகள் பத்தில், ஆழி பதினைந்தில். ஆகா!

"பதி..." என்று வாயைத் திறந்தவர் அப்படியே நிறுத்தினார்.

சோமசேகரனின் நெற்றி நினைவுக்கு வந்துவிட்டது.

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்திரண்டு வயதில் சொந்தமாகப் போட்ட முதல் பந்தல். கயிறு சரி, முளை சரி, எல்லாம் பன்னிரண்டாவது அடியில். நடுமத்தியானம் ஒரு சுழல்காற்று அடித்து ஒரு முளை பிடுங்கிக்கொண்டது. முளையோடு எகிறிய கயிறு, பதினைந்து அடி தள்ளி ஓரமாக நின்றிருந்த தவில்காரர் சோமசேகரன் நெற்றியைப் பிளந்தது. ஏழு தையல். தரையில் பன்னிரண்டுக்கு மேல் போகாத கயிறு, தலை உயரத்துக்குத் தூக்கினால் பதினேழு வரை எட்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. "காத்து பண்ண வேல, நான் என்ன பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டு வந்தவர்தான். சோமசேகரன் இன்னும் இருக்கிறார். தழும்பும் இருக்கிறது. எதிரே வந்தால் வைத்திலிங்கம் வேறு தெருவில் திரும்பிவிடுவார்.

மனுஷனுக்குத் தரை கணக்கில்லை, தலைதான் கணக்கு. தலைக்கு ஆறடி போடு. ஆறுக்கு மேல் பதினாறு.

"இருவத்திரண்டு!" என்று கத்தினார். அலாரம் அடித்தது. "கொடிக்கம்பத்துல, தரையிலேருந்து இருவத்திரண்டு அடி ஒசரத்துல வைக்கிறேன் உருண்டைய!"

மணிபாரதிதான் முதலில் வாய் திறந்தான். "மாமா, உருண்டை இருவது அடிதான். அது தரையவே தொடாதே!"

"தரைய எதுக்குடா தொடணும்? தரையா உன்ன அடிக்க வந்துச்சு? எலும்புப்பய மண்டையத் தொட்டாப் போதும்."

சஃப்வான் தலையைச் சொறிந்தான். "புள்ளி காத்துல இருக்கலாம், சட்டம் ஒத்துக்குது. ஆனா யாரு உள்ள யாரு வெளியன்னு நான் எப்புடி முடிவு பண்றது? கட்டத்துல இது வராதே."

சித்திக்கா ஏற்கனவே ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எதையோ எழுதி அடிக்கோடு போட்டுவிட்டிருந்தாள். வைத்திலிங்கம் அதைப் பார்க்கவில்லை. எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எல்லாரும் வெளிய வாங்க. மணி, அந்த இருவதடிக் கயித்த எடு." பிறகு, அந்தக் கிடங்கில் யாரும் இதுவரை கேட்டிராத ஒன்றைச் சொன்னார்: "யாருகிட்டயாவது டேப்பு இருந்தா எடுத்துட்டு வாங்க."

திரிபுரசுந்தரி உள்ளேயிருந்து தையல் டேப்போடு ஓடிவந்தாள். "என்னங்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"

கயிற்றின் ஒரு முனையைக் கப்பியில் ஓடும் கயிற்றோடு கட்டி, அளந்து இருபத்திரண்டாவது அடிக்கு ஏற்றினார்கள். மறுமுனை தரையிலிருந்து இரண்டடி மேலே ஆடிக்கொண்டு தொங்கியது. தையல் டேப்பை வைத்து வைத்து, கம்பத்திலிருந்து பன்னிரண்டு அடியில் சஃப்வானை நிறுத்தி முனையை இழுத்துப் பிடித்தார் வைத்திலிங்கம். விறைத்த கயிறு அவன் உச்சந்தலையைத் தொட்டது.

"இவன் எலும்பு. பத்தடியில இருக்குறவனுக்கு இன்னும் நல்லாவே படும். சரியா? இப்ப நீ வாம்மா."

சித்திக்கா பதினைந்தாவது அடியில் போய் நின்றாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு நேராக நின்றாள். வைத்திலிங்கம் கயிற்றை அவள் பக்கம் இழுத்தார். முழுக்க விறைத்தும் முனை அவள் தலைக்கு எட்டவில்லை, நடுவில் இரண்டடிக்கு மேல் வெறும் காற்று.

"கையத் தூக்கு."

தூக்கினாள். விரல்நுனிக்கும் கயிற்று முனைக்கும் நடுவே இன்னும் ஒரு முழம் இருந்தது.

"பதினாறுல வச்சிருந்தா?" என்று கேட்டான் சஃப்வான்.

வைத்திலிங்கம் கயிற்றைப் பதினாறுக்கு இறக்கிக் கட்டினார். முனையை இழுத்தார். அது சித்திக்காவின் தலையைத் தொட்டும் மிச்சம் இருந்தது.

சித்திக்கா துண்டுத்தாளை நீட்டினாள். "நான் போட்ட கணக்கும் இதான் மாமா. பன்னண்டு, பதினாறு, இருவது. பத்தாம் வகுப்புல நான் நடத்துற பாடம் இது."

"நீ பத்தாவதுல நடத்துறத நான் நாலாவதோட நின்னுட்டுக் கயித்துல படிச்சேன் பாத்தியா!" என்று மார்தட்டியவர், ஏனோ அத்தோடு நிறுத்திக்கொண்டார். கயிற்றைக் கையில் சுருட்டினார். மற்றவர்கள் உள்ளே போகும்வரை சுருட்டிக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்குச் சுவத்துகிட்ட பண்ணது என் தப்புதாம்மா. சட்டத்த முழுசாக் கேக்காம கையக் காட்டிட்டேன்."

"எந்தச் சுவரு மாமா?" என்றாள் சித்திக்கா.

"அடி போக்கிரி."

உள்ளே எட்டுப் பகடை உருண்டது. முப்பத்தொன்று. பதினோரு எலும்பும் மண்டை வெடித்து விழுந்தன. விலகிக்கொண்டவையும் பாதி அடியிலேயே உதிர்ந்தன. குள்ளத் தலைவனுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மூன்றடி ஆள், தீ அவன் தலைக்கு மேலேயே அணைந்துவிட்டது.

"குள்ளனுக்கு நான் பந்தல் போடல" என்றார் வைத்திலிங்கம். "அவன நீ பாத்துக்கம்மா."

சித்திக்கா இருபது முகப் பகடையை இரண்டு கையாலும் குலுக்கி உருட்டினாள். பதினெட்டு. ஆழியின் கேடயம் குள்ளனைக் கொடிக்கம்பத்தோடு வைத்து நசுக்கியது. மணிபாரதி விசிலடித்தான். சஃப்வான் ஒரு நிமிஷம் தங்கையைப் பார்த்துவிட்டு, "தாள எடுத்துக்க" என்றான். அவள் அதை நாலாக மடித்துப் பாஸ்போர்ட் உறைக்குள் வைத்தாள்.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் வைத்திலிங்கம் வந்தவன் போனவனிடமெல்லாம் இருபத்திரண்டு அடிக் கதையைச் சொன்னார். ஓட்டலில் சொன்னார், முடிவெட்டும் இடத்தில் சொன்னார். கேட்டவர்களுக்கு எலும்பும் புரியவில்லை, குள்ளனும் புரியவில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. புதன்கிழமை கடைத்தெருவில் எதிரே சோமசேகரன் வந்தபோது, அவர் வேறு தெருவில் திரும்பவில்லை. டீக்கடை பெஞ்சில் இரண்டு பேரும் வெகுநேரம் உட்கார்ந்திருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் வீட்டிலும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை ஒரு கார் பெட்டியைக் கூரையில் கட்டிக்கொண்டு மெட்ராஸ் போகும் மெயின் ரோட்டில் வந்தது. கிடங்குக்கு நேராக வேகத்தைக் குறைத்து இரண்டு தரம் ஹாரன் அடித்தது. ஜன்னல் வழியே ஒரு கை நீண்டு, விரல்களை விரித்து, வாசல் கம்பத்தைப் பார்த்து உயர்ந்தது. வைத்திலிங்கம் நாற்காலி அடுக்குவதை விட்டுவிட்டு ரோட்டு ஓரம் வரை ஓடிப்போய் நின்றார்.

வண்டி திருப்பத்தில் மறைந்த பிறகு திரிபுரசுந்தரி வெளியே வந்தாள். "யாருங்க அது, நிக்காமப் போறது?"

"நம்ம ஆழிதான்" என்றார். "உசுரோட போறா."